கேட்காமல் விட்ட பிறப்பு

“அய்யோ, ஜில்லுனு இருக்கு மேடம்!” என்று பாண்டிமீனா உடம்பைக் குறுக்கிக்கொண்டு சிரித்தாள். எக்கோ எடுக்கும்போது நெஞ்சில் தடவுகிற பசை எல்லாருக்கும் ஜில்லென்றுதான் இருக்கும், எல்லாரும் சொல்கிறதுதான். ஆனால் டாக்டர் செண்பகவல்லிக்கு இன்றைக்கு அந்தச் சிரிப்பைக் கேட்கப் பிடிக்கவில்லை. சிரிக்காதே பிள்ளை, கொஞ்ச நேரம் சும்மா கிட என்று சொல்ல வாயெடுத்தவள் அதை விழுங்கிக்கொண்டு, “இடது பக்கமா ஒருக்களிச்சுப் படு, கையைத் தலைக்கு மேல வச்சுக்கோ” என்றாள். குரல் நன்றாகத்தான் வந்தது. இத்தனை வருஷம் டாக்டராக இருந்து பழகின குரல், அது பாட்டுக்கு வரும். கண்தான் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. எக்கோ கருவியின் ப்ரோபை விலா எலும்புகளுக்கு நடுவே வைத்து அழுத்தியும் ஆயிற்று, திரையில் படம் ஓட ஆரம்பித்தும் ஆயிற்று, செண்பகவல்லி திரையைப் பார்க்காமல் அந்தப் பெண்ணின் காதைப் பார்த்தாள், காதில் கிடந்த சின்னப் பொட்டுத் தோட்டைப் பார்த்தாள், முழங்கையில் கபடி மேட் உராய்ந்து காய்ந்துபோன தழும்பைப் பார்த்தாள். திரையைத் தவிர அந்த இருட்டறையில் பார்க்க என்னென்ன உண்டோ அத்தனையையும் பார்த்தாள். பார்த்தால்தானே இருக்கும்? பார்க்காத வரைக்கும் இவள் நல்லா இருக்கிறவள். இருபத்திரண்டு வயசு, எலும்பும் சதையும் இறுகின உடம்பு, இவளுக்கு என்ன வந்துவிடப் போகிறது? அடச்சீ, இது ஒரு டாக்டர் நினைக்கிற நினைப்பா? சோதனை வேண்டாம், வேண்டாம் என்று ஓடி ஒளிகிற எத்தனை பேரை இழுத்துப் பிடித்துத் திட்டியிருக்கிறாள், “தெரியாம இருந்தா இல்லன்னு ஆயிருமா?” என்று. இப்போது அவளே தெரியாமல் இருக்கப் பார்க்கிறாள். பயம் வந்தால் படிப்பெல்லாம் எந்த மூலைக்குப் போய் உட்காருமோ தெரியவில்லை.

எல்லாம் சற்று முன்னால் கிளம்பியது. மீனாவின் அம்மா சுப்புத்தாய் மகளை வெளியே உட்கார வைத்துவிட்டுத் தனியாக உள்ளே வந்தாள். அருப்புக்கோட்டையிலிருந்து மதுரைக்கு பஸ் ஏறி வந்த களைப்பு முகத்தில், சேலைத் தலைப்பை விரலில் சுற்றிச் சுற்றி அவிழ்த்தபடி, “டாக்டரம்மா, நீங்க ஒரு வார்த்தை சொல்லணும். என் நாத்தனா வேலுத்தாயி மகன் சோலை இருக்கான்ல, அவனுக்கு எங்க மீனாவைக் கட்டுங்க, கட்டுங்கன்னு சனம் பூரா எங்க உசிர வாங்குது. மாமன் மக, உரிமைப் பொண்ணு, இவளை விட்டா அவனுக்கு யாருங்கிறாக. சொந்தத்துல கட்டக் கூடாது, நோவு வரும்னு நீங்க சொல்லிப்புட்டா அப்புறம் ஒருத்தரும் வாயத் தெறக்க மாட்டாக” என்றாள். செண்பகவல்லிக்கு உள்ளூரச் சிரிப்புதான் வந்தது. ஊரில் பாதிப்பேர் சொந்தத்தில் கட்டலாம் என்று சொல்லச் சொல்லி வந்து நிற்பார்கள், இவள் ஒருத்தி கூடாது என்று சொல்லச் சொல்லுகிறாள். வேலுத்தாய்க்கு இதயச் சுவர் தடிக்கிற பரம்பரை நோய். பெற்றவர்களில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி இறங்கும், சில பேரை ஓடும்போதும் ஆடும்போதும் பட்டென்று கொண்டுபோகும். வேலுத்தாயின் மூத்த மகன் மாயன் அப்படித்தான் போனான், இளையவன் சோலைக்கும் இருக்கிறது. ஆனால் வேலுத்தாயின் கூடப்பிறந்த அண்ணன் அழகுமலைக்கு ரத்தம் எடுத்துப் பார்த்தாயிற்று, இல்லை. அழகுமலைக்கு இல்லையென்றால் அவர் மகள் மீனாவுக்கு வர வழியே கிடையாது. அதைத்தான் செண்பகவல்லி பொறுமையாகச் சொன்னாள், சோலைக்கு இருக்கிறது, மீனாவுக்கு இல்லை, சொந்தத்தில் கட்டுவதால் இந்த நோய் கூடுதலாக வந்துவிடாது என்று. சுப்புத்தாய் கேட்டுக்கொண்டே இருந்தவள் திடீரென்று தலையில் அடித்துக்கொண்டாள். “அய்யோ டாக்டரம்மா, உங்களுக்கு எப்படிச் சொல்லுவேன்! ரெண்டும் ஒரே வயித்துல பொறந்ததுக!”

ஒரே வயிற்றில். அந்தச் சொல் இன்னும் செண்பகவல்லியின் காதை விட்டுப் போகவில்லை. சுப்புத்தாய்க்குப் பிள்ளை இல்லை. கல்யாணமாகிப் பத்து வருஷம் கோயில் கோயிலாக அலைந்தும் இல்லை. வேலுத்தாய் மூன்றாவதாக ஒரு பெண்ணைப் பெற்று, அண்ணன் மடியில் கொண்டுவந்து போட்டுவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாளாம். சுரந்த பாலை ஊரறியாமல் மாரில் துணி கட்டி வற்ற வைத்தாளாம். தெரிந்த பெரிசுகள் ஒவ்வொருவராய்ப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், மிச்சம் இருப்பது மூன்றே மூன்று பேர். “பிள்ளைக்குத் தெரியாது டாக்டரம்மா. தெரிஞ்சா என்னைய அம்மான்னு கூப்பிடும்போது அவ குரலு மாறிப்போகும். அதைக் கேட்டுட்டு நான் இருக்க மாட்டேன்” என்று செண்பகவல்லியின் கையைப் பிடித்துத் தன் நெஞ்சில் வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டாள். கல்யாணத்தைத் தடுப்பதைத் தவிர அந்த அம்மாளுக்கு வேறு கவலை இல்லை. தான் என்ன சொல்லிவிட்டோம் என்றே அவளுக்குத் தெரியாது. அண்ணன் மகள் என்றால் நோய் இல்லை, தங்கச்சி மகள் என்றால் பாதிக்குப் பாதி. ஆட்டக்காரப் பிள்ளை, ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று மட்டும் சொல்லித்தான் செண்பகவல்லி மீனாவை உள்ளே கூப்பிட்டுப் படுக்க வைத்தாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் பள்ளிக்கூடச் சீருடையில் வந்து நின்ற இந்தப் பெண்ணை எக்கோகூட எடுக்காமல், கன்னத்தைத் தட்டி, “உங்கப்பாவுக்கு இல்ல, உனக்கு எங்கேருந்து வரும்? நீ போய் நல்லா ஆடு” என்று சொல்லி அனுப்பியது யார்? இந்த வாய்தான். இந்த வாயில் கொள்ளிக்கட்டையை வைத்தால் என்ன?

“மேடம், ஞாயித்துக்கிழமை திருச்சியில ரயில்வேக்கு செலக்ஷன்” என்றாள் மீனா, சுவரைப் பார்த்தபடியே. “நான்தான் மெயின் ரெய்டர். இதுல கெடைச்சுட்டா அப்பாவை உக்கார வச்சுச் சோறு போட்டுருவேன்.” செண்பகவல்லி “ம்” என்றாள். மூச்சைப் பிடித்துக்கொண்டு எதிராளி கோட்டுக்குள் நுழைந்து, ஏழு பேர் மேலே விழுந்து அமுக்க, திமிறிக்கொண்டு கோட்டைத் தொடுகிற ஆட்டம். தடித்த சுவர் உள்ள இதயத்தைக் கொல்ல வேண்டுமென்று உட்கார்ந்து யோசித்தால்கூட இதைவிடப் பொருத்தமான ஆட்டம் கிடைக்காது. ஆறு வருஷம் ஆடியிருக்கிறாள். ஒவ்வொரு ஆட்டத்திலும் இவள் விழுந்து எழுந்ததே பெரிய விஷயம், அது இவளுக்கும் தெரியாது, விசில் ஊதினவனுக்கும் தெரியாது. மதுரையில் ஏசி அறையில் உட்கார்ந்து பரம்பரை இதய நோய்க்கு என்னைவிட்டால் ஆளில்லை என்று மேடையேறிப் பேசிக்கொண்டிருந்தவளுக்கும் தெரியாது. மாயன் எப்படிச் செத்தான்? பஸ்ஸைப் பிடிக்க ஓடினான், ஏறினான், கம்பியைப் பிடித்தான், பின்னால் நின்றவர் மேல் சாய்ந்தான். குடிச்சிருக்கான் போல என்று அந்த ஆள் தள்ளிவிட்டாராம். பஸ்ஸுக்கு ஓடினதற்கே அப்படியென்றால். வேண்டாம், அதை நினைக்காதே. ப்ரோபைச் சரியாகப் பிடி. “போன வாரம் ரெய்டுல கண்ணை இருட்டிக்கிட்டு வந்துச்சு மேடம், வெயிலு, தண்ணி குடின்னாரு கோச்சு” என்றாள் அவள். கடவுளே, இதையும் சிரித்துக்கொண்டே சொல்கிறாளே. வெயில் இல்லை மகளே, வெயில் இல்லை.

எப்படிக் கேட்காமல் விட்டேன் என்றுதான் மனசு செக்கு மாடாய்ச் சுற்றிச் சுற்றி அங்கேயே வந்தது. கேள்வி கேட்பதில் அவளை மிஞ்ச ஆள் உண்டா? கூடப் படித்தவர்களெல்லாம் அடைப்பை எடுத்து, குழாய் வைத்துப் பேர் வாங்கிக்கொண்டிருந்தபோது இவள் மட்டும் ஒவ்வொரு குடும்பமாக உட்கார வைத்துக் கதை கேட்டாள். “என்ன செண்பகம், ஜோசியக்காரியாட்டம் குலம் கோத்திரம் விசாரிச்சுக்கிட்டு உக்காந்திருக்கே?” என்று பேராசிரியர் நக்கல் அடிப்பார். அடித்துவிட்டுப் போகட்டும். ஒருத்தர் செத்தால் டாக்டர் என்ன செய்ய முடியும், செத்தவரின் தம்பியை, தங்கையை, மகளைச் சாகாமல் பார்த்துக்கொள்ளலாமே என்பதுதான் அவள் பிடித்த பிடி. தாளில் ஆணுக்குக் கட்டம், பெண்ணுக்கு வட்டம், போனவர்களுக்குக் குறுக்கே ஒரு கோடு என்று அவள் போட்டுக்கொண்டே போவதை எட்டிப்பார்த்துவிட்டு, “என்னம்மா, கோலம் போடுறீங்க?” என்பார்கள். வீட்டில் சின்ன வயசில் யாராவது இறந்தார்களா என்று கேட்டால் ஒருத்தரும் சொல்ல மாட்டார்கள், இல்லவே இல்லை என்பார்கள், எழுந்து போகும்போது கதவுக்கிட்டே நின்று, எங்க சித்தப்பா ஒருத்தர் கிணத்துல குளிக்கையில, என்று இழுப்பார்கள். அதனால் அவள் ஒரு வழி கண்டுபிடித்தாள். “உங்க வீட்டுச் சுவர்ல மாலை போட்ட படம் எத்தனை மாட்டியிருக்கு? அதுல தலை நரைக்காதவங்க யார் யாரு?” அவ்வளவுதான், ஒவ்வொரு படமாகச் சொல்லிவிடுவார்கள். அந்தக் கேள்வியை வெளியூர் டாக்டர்களெல்லாம் வந்து கற்றுக்கொண்டு போனார்கள். அடேயப்பா, எவ்வளவு பெருமை அதில்! சாவைத் துருவித் துருவிக் கேட்டாளே தவிர, பிறப்பைக் கேட்டாளா? யார் செத்தது என்று கேட்டவள், யாருக்குப் பிறந்தது என்று கேட்டாளா? புத்தகத்தில் இருக்கிறது, பெற்ற பிள்ளைதானா என்று விசாரித்துக்கொள் என்று முதல் பாடத்திலேயே இருக்கிறது. ஆனால் எப்படிக் கேட்பது? அழகுமலையைப் போல வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு, மகள் தோளில் கை போட்டு நிற்கிற ஒரு மனுஷனைப் பார்த்து, இது உங்களுக்குப் பிறந்ததுதானா என்று எந்த நாக்கு கேட்கும்? செருப்பால் அடிக்கிற கேள்வி அல்லவா அது. மரியாதை என்று நினைத்து விட்டாள். அந்த மரியாதைதான் இப்போது இந்தக் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருக்கிறது. அதிலும் அவளுக்கே தெரியாததா? கோவில்பட்டியில் அவள் பிறந்த தெருவில், பெரியம்மாவுக்குக் கொடுத்த பையன், அத்தைக்குக் கொடுத்த பெண் என்று மூன்று வீட்டில் இருந்தார்களே, தெருவுக்கே தெரியுமே, ஒருத்தரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்களே. அந்தத் தெருவில் வளர்ந்தவளுக்குத் தோன்றவில்லையா? இன்னும் எத்தனை குடும்பம்? வருஷக்கணக்காகப் போட்ட கோலங்களில் எத்தனை கட்டம் இடம் மாறி நிற்கிறது? உனக்கு இல்லை, நீ போ என்று கன்னத்தைத் தட்டி அனுப்பினவர்களில் எத்தனை பேர் இந்நேரம் ஓடிக்கொண்டிருப்பார்கள், ஆடிக்கொண்டிருப்பார்கள்? ப்ரோப் விலாவை விட்டு நழுவியது, மறுபடி எடுத்து வைத்தாள்.

“மேடம், முடிஞ்சுருச்சா?” என்றாள் மீனா. “இரும்மா” என்று சொல்லிவிட்டு, இனிமேல் தள்ளிப்போட முடியாதென்று, செண்பகவல்லி திரையைப் பார்த்தாள். பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. அளக்கவே வேண்டாம், முகத்தைப் பார்த்ததும் இன்னார் பிள்ளை என்று சொல்லிவிடுகிற மாதிரி, இது வேலுத்தாயின் இதயம் என்று தெரிந்துவிட்டது. நடுச்சுவர் புடைத்துக்கொண்டு நின்றது. இல்லை, அவசரப்படாதே, ஆட்டக்காரர்களுக்குச் சுவர் தடிக்கும், பயிற்சி செய்யச் செய்யத் தடிக்கும், அது நோய் ஆகாது என்று மனசு வக்கீல் வைத்து வாதாடியது. அளந்தாள். இன்னொரு தடவை அளந்தாள். ஆட்டக்காரர்களுக்குச் சுவர் தடித்தால் உள்ளே இருக்கிற அறையும் கூடவே விரியும், ரத்தம் நிறையக் கொள்ளும். இங்கே அறை சுருங்கிக் கிடந்தது, சுவர்தான் உள்ளே வளர்ந்து அந்த இடத்தை அடைத்திருந்தது. கோணத்தை மாற்றி வைத்தாள், மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொன்னாள், விடச் சொன்னாள். எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் அதேதான். அந்தச் சின்ன இடத்துக்குள் இதயம் தன்னால் ஆனமட்டும் அடித்துக்கொண்டிருந்தது, ஒன்றும் அறியாமல், ஞாயிற்றுக்கிழமை திருச்சிக்குப் போகிற இதயம். செண்பகவல்லிக்கு அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது, இதே நிமிஷம் இவள் நெஞ்சு நின்றுவிடுமோ என்கிற பைத்தியக்காரப் பயம். அதற்கு மேலே இன்னொரு பயம் ஏறி உட்கார்ந்தது. இதை எப்படிச் சொல்வது? நோயைச் சொன்னால் பிறப்பைச் சொன்னதாகிவிடும். சத்தியத்தைக் காப்பாற்றினால் இவளை எந்தக் காரணம் சொல்லி நிறுத்துவது? சுப்புத்தாயைக் கூப்பிட்டு, அழகுமலையை வரவழைத்து, இரண்டு பேரையும் இவளோடு உட்கார வைத்து, நீங்களே சொல்லுங்கள் என்று சொல்ல வேண்டும். அதுதான் முறை. ஆனால் அதுவரைக்கும்? இவள் இந்தக் கட்டிலை விட்டு இறங்குவதற்குள் ஏதாவது சொல்லியாக வேண்டுமே.

மீனா எழுந்து உட்கார்ந்தாள். துணியால் நெஞ்சைத் துடைத்துக்கொண்டே, டாக்டரின் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுபோயிற்று. ஆட்டக்காரப் பெண், எதிராளி முகத்தைப் படிக்கத் தெரிந்தவள். “என்ன மேடம்? அத்தைக்கு இருக்கிற மாதிரியா?” செண்பகவல்லி ப்ரோபைத் துடைத்து மாட்டினாள். சொல்லாததே சொன்னதாகிவிட்டது. “எப்படி மேடம்? அப்பாவுக்கு இல்லேன்னா எனக்கு வராதுன்னு நீங்கதானே சொன்னீங்க? அப்பாவுக்கு இல்லையே?” நியாயமான கேள்வி. இன்னும் ஒரு கேள்வி கேட்டால் போதும், இவளே கண்டுபிடித்துவிடுவாள். கதவுக்கு வெளியே சுப்புத்தாயின் செருப்புச் சத்தம். சத்தியம் வாங்கின அந்த நெஞ்சின் சூடு இன்னும் இந்தக் கையில் இருக்கிறது. செண்பகவல்லி வாயைத் திறந்தபோது உண்மையைத்தான் சொல்லப் போகிறோம் என்றுதான் நினைத்தாள். வந்தது வேறு. “நான் தப்புப் பண்ணிட்டேன் மீனா. அன்னைக்கு உங்கப்பா ரத்தத்துல பார்த்தது தப்பாயிருச்சு. அவருக்கும் இருக்கு. அவர்கிட்டயிருந்துதான் உனக்கு வந்திருக்கு. இனிமே நீ ஆடக் கூடாதும்மா, திருச்சிக்குப் போகக் கூடாது.” சொன்னவுடனே நெஞ்சு லேசானது. பழி தன் தலையில், இவள் அம்மா இவள் அம்மாவாகவே இருக்கட்டும், ஒரு வாரம் கழித்து ஆற அமர எல்லாரும் உட்கார்ந்து பேசிக்கொள்ளலாம். இந்தப் பெண் அழுவாள், ரயில்வே போச்சே என்று கத்துவாள், கத்தட்டும், வாங்கிக்கொள்ளலாம்.

மீனா அழவில்லை. ரயில்வே என்ற பேச்சே அவள் வாயில் வரவில்லை. முகம் வெளுத்துப்போய், “அப்ப அப்பாவுக்கு?” என்றாள். “மேடம், அப்பா மண்டியில மூட்டை தூக்குறாரு மேடம்! நீங்க இல்லேன்னு சொன்னதுக்கப்புறம்தானே சைக்கிள் கடை வேலையை விட்டுட்டு இதுக்குப் போனாரு!” செண்பகவல்லி இதை நினைத்தே பார்க்கவில்லை. இல்லை, அவருக்கு ஒன்றும் இல்லை, அவர் நல்லாயிருக்கிறார் என்று சொல்ல வேண்டும், சொன்னால் எல்லாம் உடையும். அதற்குள் அந்தப் பெண் பையிலிருந்து போனை எடுத்துவிட்டாள். கையெல்லாம் பசை, போன் வழுக்கியது, ஸ்பீக்கரில் போட்டுக் கட்டிலின் மேலேயே வைத்தாள். சத்தம் கேட்டு சுப்புத்தாய் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றாள். “என்ன தாயி, டாக்டரம்மாவைப் பாத்தாச்சா?” என்று அழகுமலையின் குரல், பின்னால் லாரிச் சத்தமும் ஆட்கள் கூப்பாடும்.

“யப்பா, மூட்டை தூக்குறியா?”

“லாரி வந்து நிக்குதுத்தா. பாதி எறக்கியாச்சு.”

“தூக்காத. யப்பா, தூக்காத, சொல்றதைக் கேளு. எனக்கு அத்தை நோவு இருக்காம். அன்னைக்கு உனக்கு இல்லேன்னு சொன்னது தப்பாம். உனக்கும் இருக்காம்ப்பா, உன்கிட்டயிருந்துதான் எனக்கு வந்துச்சாம்.” அதற்கு மேல் அவளால் முடியவில்லை, விம்மினாள்.

போனில் லாரிச் சத்தம் மட்டும் கேட்டது. கதவருகே சுப்புத்தாய் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு செண்பகவல்லியையே பார்த்தாள், அந்தப் பார்வைக்கு எதிரே நிற்க முடியாமல் செண்பகவல்லி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். சொல்லிவிடுவாரா? இல்லையே தாயி, எனக்கு எப்படி இருக்கும் என்று அந்த மனுஷன் வாய் தவறி ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஒன்றுமே பிடிபடாமல் அவர் எதையாவது கேட்டுவிட்டால்கூடப் போதும். இருபத்திரண்டு வருஷம் இந்த நிமிஷத்துக்குத்தான் பயந்துகொண்டு இருந்திருப்பாரோ என்னவோ.

“யப்பா? கேக்குதா?”

“கேக்குது தாயி” என்றார் அழகுமலை. “ஆமா. என்கிட்டயிருந்துதான் வந்திருக்கும். நான் உன்னைப் பெத்த அப்பனாச்சே, வேற யார்கிட்டயிருந்து வரும்? நான் தூக்கலத்தா, இந்தா கீழ உக்காந்துட்டேன். நீயும் ஓடியாடாம அம்மா பக்கத்துல உக்காந்திரு, நான் கெளம்பி வாரேன்.”